நினைவும் பொருளியல் நடத்தையும்

நினைவும் பொருளியல் நடத்தையும் என்பது, மக்கள் கடந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் முறை அவர்களுடைய வாங்கல், விற்றல், சேமித்தல், கடன் பெறுதல், பயிரிடுதல் போன்ற முடிவுகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராயும் ஆய்வுப் பொருளாகும். உளவியலும் பொருளியலும் சந்திக்கும் நடத்தைப் பொருளியல் துறையின் ஒரு பகுதியாக இது கருதப்படுகிறது. நடந்து முடிந்த ஒரு நிகழ்வு நேரடியாக மனிதரின் முடிவைத் தீர்மானிப்பதில்லை. அந்நிகழ்வைப் பற்றி எஞ்சியிருக்கும் நினைவே தீர்மானிக்கிறது என்பது இதன் அடிப்படைக் கருத்து. நினைவு முழுமையான பதிவு அன்று. அது சிலவற்றைப் பெரிதாக்கும், சிலவற்றைக் கைவிடும், அண்மையில் நடந்ததை முன்னால் நிறுத்தும். ஆகவே ஒரே கடந்த காலத்தைக் கண்ட இருவர் வெவ்வேறு விலைக்குப் பேரம் பேசக்கூடும்.

தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் உள்ள குற்றாலம் இதனை விளக்குவதற்கு ஏற்ற இடமாகும். இங்கு ஆண்டு வருவாயின் பெரும்பகுதி சில வாரகால மழையைப் பொறுத்துள்ளது. அந்த மழை எப்படியிருக்கும் என்று தெரிவதற்கு முன்னரே பணம் போட வேண்டியவர்கள் பலர். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளின் நினைவே. இக்கட்டுரை குற்றாலத்தையும் அதனைச் சூழ்ந்த தென்காசிப் பகுதியையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

நினைவு பற்றிய உளவியல் பின்னணி

நினைவைச் சோதனை முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர் செருமானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் ஆவார். அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவரது முடிவு. இது மறதி வளைகோடு எனப்படுகிறது. 1932இல் பிரித்தானியரான பிரெடரிக் பார்ட்லெட், மனிதர் ஒன்றை நினைவுகூரும்போது அதனை மீண்டும் கட்டியெழுப்புகின்றனர் என்று காட்டினார். பழக்கமில்லாத ஒரு கதையைப் படித்தவர்கள், பின்னர் அதனைச் சொல்லும்போது தமக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாற்றியே சொன்னார்கள்.

பொருளியலுக்கு நெருக்கமான அடுத்த பெரிய அடி 1973இல் அமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய இருவராலும் எடுத்து வைக்கப்பட்டது. ஒரு நிகழ்வு எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறதோ, அந்த அளவுக்கு அது அடிக்கடி நிகழ்வதாக மக்கள் எண்ணிவிடுகிறார்கள் என்று அவர்கள் கண்டனர். அண்மையில் விபத்தொன்றைக் கண்டவர் சாலைகள் முன்னைவிட ஆபத்தானவை என்று கருதுவது இவ்வகையைச் சேர்ந்தது. கானமன் 2002இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பெற்றார்.

2020இல் பெத்ரோ போர்தாலோ, நிக்கோலா ஜென்னயோலி, ஆந்திரே ஷ்லைஃபர் ஆகியோர் நினைவு, கவனம், தெரிவு மூன்றையும் ஒரே கணித மாதிரியில் இணைத்தனர். இப்போதைய சூழல் தன்னை ஒத்த பழைய சூழல்களை மனத்தில் எழுப்புகிறது. அவ்வாறு எழும் நினைவே விலை பற்றிய நமது எதிர்பார்ப்பாக மாறுகிறது என்பது அம்மாதிரியின் சாரம். மே மாத இறுதியில் மேற்கே மேகம் கறுத்து, முதல் சாரல் முகத்தில் விழும்போது, கடை போட எண்ணுபவரின் மனத்தில் எழுவது சாரல் பொய்த்த ஆண்டாக இராது. அதேபோன்ற மேகத்துடன் தொடங்கி நன்றாக முடிந்த ஆண்டுகளே எழும்.

குற்றாலப் பருவம்

குற்றாலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்காசி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு இங்குப் பேரருவியாக விழுகிறது. ஐந்தருவி, பழைய குற்றால அருவி, சிற்றருவி, புலியருவி ஆகியவை அருகில் உள்ளன. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மலையின் மேலே உள்ளன.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் மழை பெறுவது. மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அங்கெல்லாம் பெரும்பாலும் வறண்ட காற்றாகவே வந்து சேரும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் தாழ்ந்திருப்பதால் குற்றாலப் பகுதிக்கு மட்டும் கேரளத்து மழையில் ஒரு பங்கு கிடைக்கிறது. சூன் முதல் ஆகத்து வரை, சில ஆண்டுகளில் செப்டெம்பர் வரை, வெயிலும் தூறலும் குளிர்காற்றும் கலந்து வரும் இந்தக் காலத்தை உள்ளூர் மக்கள் "சீசன்" என்றே வழங்குவர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்கள் வருகையால் சிறிய இரண்டாம் பருவம் ஒன்றும் உண்டு.

பருவம் தொடங்கும் நாள் ஆண்டுக்காண்டு மாறும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குரிய வழக்கமான நாள் சூன் 1 ஆகும். 2023இல் அது சூன் 8இல் தொடங்கியது. 2024இல் மே 30இல். 2025இல் மே 24இல். தொடங்கிய பின்னும் உறுதி இல்லை. 2023ஆம் ஆண்டின் ஆகத்து மாதம், இந்திய அளவில் 1901க்குப் பின் மிகக் குறைந்த மழை பெய்த ஆகத்து மாதமாகப் பதிவாகியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1886 முதல் நீண்டகால முன்னறிவிப்பு வெளியிட்டு வருகிறது. ஆனால் நாடு முழுவதற்குமான ஒரு விழுக்காட்டிலிருந்து ஐந்தருவியில் சூலை இரண்டாம் வாரம் தண்ணீர் விழுமா என்று கண்டறிய இயலாது.

அருவிக்கரையில் வாழ்வோருக்கு இது ஆராய்ச்சி வினா அன்று. பழக்கடை, நேந்திரங்காய் வறுவல் கடை, எண்ணெய்க் குளியல் தொழிலாளர், தங்கும் விடுதி, வாடகை ஊர்தி, உணவகம் என்று பலரும் ஆண்டுச் செலவுக்கான பணத்தை இந்தப் பன்னிரண்டு வாரங்களில் ஈட்ட வேண்டும்.

ஏலமும் நினைவும்

அருவிப் பகுதிகளில் கடைகளும் வாகன நிறுத்தங்களும் ஏலமாகவோ குத்தகையாகவோ விடப்படுவது வழக்கம். இவற்றுக்கான தொகை பருவத்தின் பயன் தெரிவதற்கு முன்னரே முடிவாகிவிடுகிறது. ஏலம் கேட்பவர் தமக்குள் ஒரு கணக்குப் போட வேண்டும்: இவ்வாண்டு எவ்வளவு கிடைக்கும்?

நினைவு இக்கணக்கில் என்ன செய்கிறது என்பதைக் கற்பனை எண்களைக் கொண்டு பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு கடையில் ஐந்து பருவங்களில் கிடைத்த வருவாய் முறையே 40, 40, 20, 40, 90 ஆயிரம் ரூபாய் எனக் கொள்வோம். இதன் எளிய சராசரி 46 ஆயிரம். ஆனால் அவர் மனத்தில் சென்ற ஆண்டுக்குப் பாதி எடையும், அதற்கு முந்தியதற்குக் கால்பங்கும், அதற்கு முந்தியதற்கு அரைக்கால் பங்கும், மீதமுள்ள இரண்டு ஆண்டுகளுக்கும் தலா மாகாணி அளவும் இருப்பின், எதிர்பார்ப்பு 62 ஆயிரத்து 500 ஆகிவிடும். அதே ஐந்து எண்கள் 40, 40, 90, 40, 20 என்ற வரிசையில் வந்திருந்தால் எதிர்பார்ப்பு 36 ஆயிரத்து 250 ஆகக் குறையும். மொத்தத்தில் கிடைத்த பணம் இரண்டு வரிசைகளிலும் ஒன்றே. வரிசை மட்டும் மாறியதால் கேட்கும் தொகையும் மாறுகிறது.

சென்ற ஆண்டின் மழை இந்த ஆண்டின் மழையை அறிய உண்மையிலேயே உதவுமாயின் இந்த எடை நியாயமானது. ஆனால் ஒரு பருவத்தின் மழை அடுத்த பருவத்தின் மழையைப் பற்றி மிகச் சிறிதளவே சொல்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஏலத்தில் வெல்பவர் சராசரி மதிப்பீடு கொண்டவர் அல்லர். எல்லோரினும் உயர்ந்த மதிப்பீடு கொண்டவர். 1971இல் எண்ணெய் நிறுவனமொன்றின் பொறியாளர்களான கேப்பன், கிளாப், கேம்பெல் ஆகிய மூவரும், மெக்சிக்கோ வளைகுடாவின் எண்ணெய் வயல் ஏலங்களில் வென்றவர்கள் எதிர்பார்த்த ஆதாயத்தைப் பெறாததற்கு இதுவே காரணம் என்று விளக்கினர். இது வென்றவரின் சாபம் எனப்படுகிறது. குற்றாலக் கடைக்கும் இது பொருந்தும். பத்துப் பேர் ஏலம் கேட்கும்போது, தோல்வியுற்ற பருவங்களை நன்றாக நினைவில் வைத்திருப்பவர் முதலில் விலகிக்கொள்வார். நல்ல பருவம் மட்டும் நினைவில் நிற்பவரோ, அல்லது எந்த நினைவும் இல்லாத புதியவரோ இறுதிவரை நிற்பார். ஏலமுறை இவ்வாறு மறதியைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய விலையையும் அவரிடமே வாங்கிக்கொள்கிறது. அந்தத் தொகை கடனாகப் பெறப்பட்டிருந்தால், அருவி காய்ந்தாலும் வட்டி காயாது.

கொரோனாத் தொற்றுக்காலம் இந்தக் கணக்கில் விடை காண முடியாத ஒரு வினாவைச் சேர்த்தது. 2020 மார்ச்சில் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. இடையில் தளர்த்தப்பட்டாலும் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தென்மேற்குப் பருவங்களும் முழுமையாக இழக்கப்பட்டன. தண்ணீர் விழுந்தது, குளிக்க ஆள் இல்லை. 2022இல் ஏலம் கேட்டவர் அவ்விரண்டு ஆண்டுகளையும் சுழியம் என்று கணக்கில் சேர்ப்பதா, அல்லது கணக்கிலிருந்தே நீக்குவதா? இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். நினைவின் இயல்பு, நிகழாத பருவத்தைத் தாண்டிச் சென்று 2019ஐச் "சென்ற சீசன்" என்று கொள்வதே. தீய ஆண்டு மனத்தில் வடுவாக நிற்கும். இல்லாத ஆண்டு வெற்றிடமாகவே போய்விடும்.

பயணிகளின் நினைவு

கடைக்காரரின் வருவாய் பயணிகள் மீண்டும் வருவதைப் பொறுத்தது. அவர்கள் மீண்டும் வருவதோ, சென்றமுறை உண்மையில் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு மகிழ்ந்ததாக நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. டெரிக் விர்ட்சு முதலியோர், விடுமுறைக்குச் சென்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பயணத்துக்கு முன்பும், பயணத்தின்போது பலமுறையும், பயணத்துக்குப் பின்பும் வினவினர். பயணத்தின்போது சொன்ன மகிழ்ச்சியைவிடப் பின்னர் நினைவுகூர்ந்த மகிழ்ச்சி அதிகமாக இருந்தது. மீண்டும் செல்லும் விருப்பத்தைத் தீர்மானித்ததும் அந்த நினைவே.

கானமனும் பிறரும் 1993இல் செய்த சோதனை இன்னும் வியப்பானது. அதுவும் குளிர்ந்த நீரைப் பற்றியதே. பங்கேற்றோர் ஒருமுறை 14 பாகை நீரில் 60 நொடிகள் கையை வைத்திருந்தனர். இன்னொரு முறை அதே 60 நொடிகளுடன், நீர் சற்றே வெதுவெதுப்பாகி 15 பாகையாகும் மேலும் 30 நொடிகளும் வைத்திருந்தனர். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது மூன்றில் இருபங்கினருக்கு மேல் நீண்ட சோதனையையே தெரிவு செய்தனர். மொத்தத் துன்பம் அதில்தான் அதிகம். ஆனால் முடிவு இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவுமே நினைவில் தங்குகின்றன, அதன் நீளம் தங்குவதில்லை என்னும் இது உச்சம்-முடிவு விதி எனப்படுகிறது.

பேரருவியில் குளித்தவர் எவரும் இதனை ஒத்துக்கொள்வர். வரிசையில் நின்ற ஒரு மணி நேரமும், ஊர்தி நிறுத்த இடம் தேடியலைந்ததும், ஈரத்துணியுடன் நடந்ததும் ஆண்டு திரும்புவதற்குள் மறைந்துவிடும். உச்சந்தலையில் தண்ணீர் அறைந்த அந்த இரண்டு நிமிடமும், திரும்பும் வழியில் பிரானூரில் உண்ட புரோட்டாவும் நிற்கும். மாறாக, வெள்ளப்பெருக்கினால் குளிக்கத் தடை என்று கடைசி நாளில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், முன்னிரண்டு நாள்கள் நன்றாகக் குளித்திருந்தாலும் "போனோம், குளிக்க முடியவில்லை" என்றே ஊரில் சொல்லும். அதைக் கேட்டு அடுத்த வீட்டாரும் பயணத்தைத் தள்ளிவைப்பர்.

விலை பற்றிய நினைவும் இங்குச் செயல்படுகிறது. யூரி சைமன்சோன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாடகை மிகுந்த நகரிலிருந்து வேறு நகருக்குக் குடிபெயர்ந்தவர்கள், வாடகை குறைந்த நகரிலிருந்து வந்தவர்களைவிட, புதிய ஊரில் தொடக்கத்தில் அதிக வாடகை கொடுத்தனர். பழைய ஊரின் விலை அவர்கள் மனத்தில் அளவுகோலாக இருந்தது. அதே ஊருக்குள் மீண்டும் வீடு மாறியபோது இந்த வேறுபாடு சரிசெய்யப்பட்டது. சென்னையிலிருந்து வருபவருக்குக் குறைவாகத் தோன்றும் அறை வாடகை, அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வருபவருக்குக் கொள்ளையாகத் தோன்றுவது இதனாலேயே ஆகலாம்.

பாவூர்சத்திரம் சந்தையும் சிலந்தி வலையும்

தென்காசிப் பகுதியில் சுற்றுலாவைவிட வேளாண்மையே பெரிய தொழில். கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரி, வெண்டை, மிளகாய் முதலியன விளைகின்றன. இவை கூடும் முதன்மையான இடங்களுள் ஒன்று, தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் அமைந்துள்ள பாவூர்சத்திரம் காமராசர் காய்கறிச் சந்தையாகும். கேரளத்துக்குச் செல்லும் காய்கறிகள் இங்கிருந்து பெருமளவில் ஏற்றப்படுகின்றன. ஓணத்துக்கு முந்தைய நாள்களில் வணிகம் மிகும்.

தக்காளியை நட்டு ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் கழித்தே விலைக்குக் கொண்டுவர இயலும். நடும்போது தெரிந்திருப்பது இன்றைய விலை; விற்கும்போது கிடைப்பது வேறு விலை. இன்றைய விலையையே எதிர்கால விலையாக எல்லோரும் கொண்டால், விலை உயர்ந்தபோது எல்லோரும் நடுவர். அறுவடையின்போது விலை விழும். விழுந்ததைக் கண்டு எல்லோரும் கைவிடுவர். மறுபடி விலை ஏறும். வரைபடத்தில் இட்டால் சிலந்தி வலை போலத் தோன்றுவதால், 1934இல் நிக்கொலஸ் கால்டோர் இதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயரிட்டார்.

2023 சூலையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. செப்டெம்பர் வரும்போது விலை சரிந்துவிட்டது. உயர்ந்த விலையைக் கண்டு நட்டவர் அந்த விலையைப் பார்க்கவே இல்லை. அந்த ஆண்டு மட்டும் நிகழ்ந்தது அன்று இது. பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதும் சாலையோரம் கொட்டுவதும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படுபவை.

உழவர் உண்மையில் கடைசி விலையை மட்டுமா நினைவில் வைத்திருக்கின்றனர்? 1958இல் மார்க் நெர்லவ் அமெரிக்க உழவரின் பயிர்ப்பரப்புத் தரவுகளைக் கொண்டு, அவர்கள் பழைய எதிர்பார்ப்பைப் புதிய விலையின் திசையில் ஓரளவு மட்டும் திருத்திக்கொள்கின்றனர் என்று காட்டினார். இது தகவமை எதிர்பார்ப்பு எனப்படுகிறது. கணினித் துறையினர் இதனை, பழைய தரவின் எடை படிப்படியாகக் குறையும் நகரும் சராசரி என்று உடனே அடையாளம் காண்பர். இம்முறையின் சிறப்பு, பழைய விலைகள் எதையும் சேமிக்க வேண்டியதில்லை என்பதே. ஒரே ஓர் எண்ணை மனத்தில் வைத்து ஒவ்வொரு முறையும் திருத்தினால் போதும். குறிப்பேடு இல்லாத தலைக்கு இதைவிடச் சிக்கனமான முறை கிடைப்பது அரிது. அதன் குறையும் அதிலேயே உள்ளது: அந்த ஓர் எண்ணைப் பார்த்து, விலை நிலையாக இருந்து வந்ததா, ஏறி இறங்கி வந்ததா என்று சொல்ல முடியாது.

1961இல் ஜான் மூத், மக்கள் இப்படி ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யமாட்டார்கள், சந்தையின் போக்கையே அறிந்து அதற்கேற்ப எதிர்பார்ப்பர் என்று வாதிட்டார். இது பகுத்தறிவு எதிர்பார்ப்பு எனப்பட்டுப் பொருளியலில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. ஓர் உழவர் மற்றவர்களும் தம்மைப்போலவே நடுவர் என்று எண்ணி விலகியிருத்தல் இக்கோட்பாட்டுக்கு இசைவானது. அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய எண்ணிக்கை விலைச் சரிவைத் தடுக்கும் அளவுக்கு இல்லை என்பதையே சந்தை காட்டுகிறது.

வாழ்ந்து கண்ட அனுபவம்

உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டீபன் நாகெல் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. 1960 முதல் 2007 வரையிலான அமெரிக்கக் குடும்ப நிதிக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, தம் வாழ்நாளில் பங்குச்சந்தை தாழ்ந்திருந்த காலங்களைக் கண்டவர்கள் பங்குகளில் பணம் போடத் தயங்கினர் என்று அவர்கள் கண்டனர். அண்மைய ஆண்டுகளுக்குக் கூடுதல் எடை இருந்தாலும், பல பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவையும் முற்றாக மறையவில்லை. ஒரே வரலாற்று நூலை எல்லோரும் படிக்கலாம். ஆனால் தாம் வாழ்ந்து கண்ட பக்கங்களைக் கொண்டே முடிவெடுக்கின்றனர்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக வங்கி முறிவுகளைக் கூறலாம். 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1938இல் திருவிதாங்கூர் நேசனல் குயிலான் வங்கி முறிந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது, 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1960இல் கேரளத்தின் பாலை மத்திய வங்கி முறிந்தபின், 1962 சனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு. 2020 பெப்ரவரியிலிருந்து 5 இலட்சம் ரூபாய்.

வங்கிக் காப்பீடு, முறிவின் நினைவைச் சட்டமாக மாற்றி வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு எனலாம். அதன் பின் தனி மனிதர் அஞ்ச வேண்டிய தேவை குறைந்தது. அச்சம் குறைந்தவுடன் நினைவும் மங்கியது. 1990களில் உயர்ந்த வட்டி தருவதாகக் கூறிய நிதி நிறுவனங்களில், இந்தக் காப்பீடு இல்லாத இடங்களில், தமிழ்நாட்டு மக்கள் பெருமளவில் பணத்தைப் போட்டு இழந்தனர். அதன் விளைவாகத் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலன் காப்புச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் இத்தகைய நிறுவனங்கள் வேறு பெயர்களில் தோன்றியே வருகின்றன. முன்னதில் இழந்தவர்களும் பின்னதில் இழப்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு வயதினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மழைக் காப்பீட்டிலும் இதனைக் காணலாம். ஷான் கோல், டேனியல் ஸ்டைன், ஜெரமி டோபக்மன் ஆகியோர் குசராத்தில் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில், ஒரு சிற்றூரில் காப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டால் அடுத்த பருவத்தில் அங்கே காப்பீடு வாங்குவோர் கூடினர் என்று கண்டனர். இழப்பீடு கைக்கு வருவதைக் கண்ணால் காண்பது விளம்பரத்தைவிட வலிமையானது.

பதிவேடும் நினைவும்

நினைவின் குறையைப் பதிவேடு ஓரளவு நிரப்பும். குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி அணைகளின் நீர்மட்டமும் மழையளவும் மழைக்காலத்தில் நாளிதழ்களில் வெளிவருகின்றன. அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு கடைக்காரர், ஏலத்தில் பக்கத்தில் நிற்பவரைவிட நல்ல நிலையில் இருப்பார் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. சந்தை விலைக்கும் இதுவே பொருந்தும்.

எனினும் பதிவு இருப்பது மட்டும் போதாது. அதனைப் படித்து நடப்பவர் வேண்டும். தென்காசி காசிவிசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர்களைப் பணிவதாகக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான். கல்லில் எழுதியும் அதன் இராசகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அது மீண்டும் கட்டப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது 1990இல்.

நினைவைக் குறையாகவே காண்பதும் சரியன்று. உலகம் மாறும்போது பழைய பதிவுகள் தவறான வழியைக் காட்டலாம். புதிய சாலை, கைபேசியில் நொடியில் பரவும் அருவிக் காணொளி, மாறிவரும் மழைப்போக்கு ஆகியவற்றால் முப்பது ஆண்டுச் சராசரியைவிடக் கடைசி ஐந்து ஆண்டுகளே பொருத்தமானவையாக இருக்கக்கூடும். எது மாற்றம், எது தற்செயலான ஏற்றத்தாழ்வு என்று பிரித்தறிவதே கடினம். ஆய்வு முறையிலும் ஓர் இடர் உண்டு: வறட்சி கண்டவர் அடுத்த ஆண்டு அடக்கமாகச் செலவிட்டால், அது நினைவினாலா, அல்லது கையில் பணம் இல்லாததாலா என்று எளிதில் சொல்ல முடியாது.

பேரிடர் பற்றிய மறதி

பொருளிழப்புடன் முடியாத மறதியும் உண்டு. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீட்டை ஆராய்ந்த ஜஸ்டின் காலகர், வெள்ளம் வந்த அடுத்த ஆண்டில் காப்பீடு பெறுவோர் 9 விழுக்காடு கூடி, பின்னர் படிப்படியாகக் குறைந்து, ஒன்பது ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பினர் என்று 2014இல் எழுதினார். வெள்ளம் பாதிக்காத, ஆனால் அதே தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்த ஊர்களிலும் காப்பீடு ஓரளவு கூடியது.

தாமிரபரணி வடிநிலத்தில் 1992 நவம்பர் வெள்ளம் ஒரு தலைமுறையினருக்கு அளவுகோலாக இருந்தது. 2023 திசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையின்போது தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாகியது. 1992ஐ எல்லையாகக் கொண்டிருந்தவர்களின் நினைவு அன்று உதவவில்லை. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த நினைவும் இல்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவர் உயிரிழந்தார். அது பருவம் தொடங்காத கோடைக்காலம். மலைமேல் பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அருவிக்கரையில் வெள்ளத்தின் நினைவு சமமாகப் பங்கிடப்பட்டிருக்கவில்லை என்பது இங்கு முதன்மையானது. நீரின் நிறம் மாறுவதையும் சருகு அடித்து வருவதையும் கண்டு விலக வேண்டும் என்பது ஆண்டு முழுதும் அங்கிருப்பவருக்குத் தெரியும். முதன்முறை வருபவருக்கு அது தெரியாது. அவர் நினைவில் இருப்பது சென்றமுறை வந்த உறவினர் சொன்ன இன்பம் மட்டுமே. தெரிந்தவர்களில் பலருடைய அன்றாட வருவாயோ, அருவி திறந்திருப்பதைப் பொறுத்தது. மூடினால் அன்று கடையில் விற்பனை இல்லை. ஏலத்தொகை கட்டியவருக்குத் தடை நாள்கள் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். ஆகவே அருவியை எப்போது மூடுவது என்னும் முடிவு, மழையளவையும் நீர்வரத்தையும் பார்த்து அதிகாரிகள் எடுப்பதாக உள்ளது. அக்கரையில் நிற்கும் எவருடைய நினைவுக்கும் அது விடப்படுவதில்லை.